கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? கார் ஓட்டக் கற்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு முறை டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டினாள். முதல் முறை பதினோராம் நாளோடு சரி. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆனது. சாவியைத் திருப்பி கிளட்சை விட்டாள், மறுபடி ஆஃப். மூன்றாவது தடவை வண்டி நகரத் தொடங்கியபோது சிவப்பு விழுந்துவிட்டது. பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்: "டேய், இனிமே அந்தக் கிளாஸுக்கு நான் போறதா இல்ல. எனக்கு ஸ்கூட்டியே போதும்."

இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டிக்கில் ஒரு ரகம்) வேகன் ஆர் வந்தது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்த வேறொரு ஸ்கூலில் மறுபடி பணம் கட்டினாள். இப்போது தினமும் மாட்டுத்தாவணியைத் தாண்டி ஆபீஸுக்கு அதில்தான் போய் வருகிறாள். நான் கற்றது ஒரு பழைய டீசல் கியர் வண்டியில், அதாவது கிளட்சை மிதித்து நாமே கையால் கியர் மாற்றும் வண்டியில். ஆக, எதில் கற்பது நல்லது என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில் கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு ஒத்துழைத்தால் கியர் வண்டியில் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கிளட்ச் பயத்தில் கார் ஆசையையே விட்டுவிடும் நிலை வந்தால் யோசிக்காமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாறுங்கள். கிளட்ச் எப்படியும் சில வாரங்களில் காலுக்குப் பழகிவிடும். குறுக்கே பாயும் பைக்கையும், இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் ஷேர் ஆட்டோவையும் முன்கூட்டியே கணிக்கப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

முதல் படி: வாசலில் நிற்கப்போவது எந்த வண்டி?

அடுத்த ஒரு வருடத்தில் உங்கள் கைக்குத் தினமும் வரப்போவது எந்தக் கார் என்று பாருங்கள். அப்பாவின் பழைய ஸ்விஃப்ட் கியர் வண்டிதான் என்றால் கேள்வியே இல்லை, கியரில் கற்க வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக்கில் லைசென்ஸ் வாங்கிவிட்டு அந்தச் சாவியை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

இன்னும் வண்டியே வாங்கவில்லை என்றாலும் கியர்தான். நண்பனின் கார், வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு மாமாவின் கார் என்று கைக்கு வருபவற்றில் கியர் வண்டிகள் இன்னும் நிறைய. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதும் குறைந்த விலையில் கியர் வண்டிகள்தான் அதிகம் கண்ணில் படும்.

வீட்டில் ஏற்கெனவே ஆட்டோமேட்டிக் நிற்கிறது, வேறு வண்டி தொடப்போவதில்லை என்றால் நேராக அதிலேயே கற்கலாம். இடது முழங்காலில் வலி, இடுப்பில் தொந்தரவு, இடது காலில் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி. நெரிசலில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நான் சிம்மக்கல்லில் எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன்.

இரண்டாம் படி: லைசென்ஸ் விவரம்

பைக்குக்கு லைசென்ஸில் 'கியர் உள்ளது', 'கியர் இல்லாதது' என்று தனித்தனி வகை உண்டு. ஸ்கூட்டி ஓட்ட மட்டும் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு புல்லட் ஓட்டக் கூடாது. காருக்கும் இதே கதைதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகனம்) என்ற ஒரே வகையில் இரண்டும் அடங்கிவிடும்.

கேட்க நல்லதாக இருக்கும் இந்தச் செய்தியில் ஒரு வம்பும் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே பழகியவர் மறுநாளே கியர் வண்டியை ரோட்டில் எடுத்தாலும் சட்டம் தடுக்காது. தடுக்க வேண்டியது நாம்தான்.

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தால் ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டிரைவிங் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த நாட்களில் சொந்த வண்டியில் பழகலாம். ஆனால் வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' போர்டு இருக்க வேண்டும். முறையான லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்த முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்து "பார்த்துப் போம்மா" என்று சொல்லும் சித்தப்பா கணக்கில் வரமாட்டார். ஹேண்ட்பிரேக் எட்டும்படி முன்சீட்டில் இருக்க வேண்டும்.

டெஸ்டுக்குச் சொந்த ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஸ்லாட் போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் டெஸ்டில் பார்க்க வேண்டியவை பட்டியலாகவே இருக்கின்றன. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது அதில் ஒன்று. ரிவர்ஸில் குறுகலான இடத்துக்குள் நுழைவது இன்னொன்று. எந்த வண்டியில் கற்றாலும் இந்த இரண்டையும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஆட்டோமேட்டிக்கில் நான்கு ரகம்

ஷோரூமில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உள்ளே வேறு வேறு சரக்கு.

நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் தென்படுவது ஏ.எம்.டி. 2014-இல் மாருதி செலெரியோவோடு வந்து பிரபலமானது. அடிப்படையில் இது கியர் வண்டியேதான். அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ். நம் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு மோட்டார் செய்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் விலையும் குறைவு. கியர் மாறும் நொடியில் வண்டி லேசாகத் தயங்கும், உட்கார்ந்திருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். கியர் மாறப்போகிறது என்று இன்ஜின் சத்தத்தில் தெரியும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலைச் சற்றே தளர்த்தினால் அந்த ஆட்டம் பெருமளவு குறையும். அக்காவுக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆனது.

டார்க் கன்வெர்ட்டர் என்பது எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலும் இல்லையா, காற்றுக்குப் பதில் எண்ணெய். மாருதி பிரெஸ்ஸாவில் இருப்பது இது. சி.வி.டி.யில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும். கியர் மாறுவதே தெரியாது, ஹோண்டா அமேஸில் பார்க்கலாம். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச்கள் மாறி மாறி வேலை செய்யும், வேகமாக மாறும், விலையும் அதிகம். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே கியர்தான் என்பதால் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

கற்பவருக்கு இதில் முக்கியமான விஷயம், ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றில், வண்டியை நகராமல் பூட்டிவைக்கும் 'பி' என்ற பார்க்கிங் நிலை இருக்காது என்பது. ஸ்கூலில் டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் பழகிவிட்டு வீட்டில் ஏ.எம்.டி. எடுப்பவர்கள் எந்தக் கியரிலும் இல்லாத நியூட்ரலில் விட்டு இறங்கிவிடுகிறார்கள். ஹேண்ட்பிரேக் இழுக்கவில்லை என்றால் வண்டி சரிவைத் தேடிக்கொண்டு போய்விடும்.

நான்காம் படி: பணம் கட்டும் முன் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள்

முழு கோர்ஸுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டு வண்டியும் வைத்திருக்கும் ஸ்கூலில் ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸுக்கு மட்டும் காசு கொடுத்துப் பாருங்கள். முடியாது என்றால், தெரிந்தவர் வண்டியில் காலி மைதானத்தில் அரை மணி நேரம்.

ஸ்கூலில் கேட்க வேண்டிய இன்னொன்று, வண்டி பெட்ரோலா டீசலா என்பது. டீசல் இன்ஜினுக்குக் கீழ் வேகத்திலேயே இழுவை அதிகம். ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விட்டாலே வண்டி நகர்ந்துவிடும். எனக்குக் கிளட்ச் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல்முறையாக நண்பனின் சின்ன பெட்ரோல் காரை எடுத்தபோது அவன் வீட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் நான்கு முறை ஆஃப் ஆனது. அவன் அம்மா மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விதிப்படி ஸ்கூலில் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதற்குள் 10 மணி நேரமாவது ஸ்டியரிங் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். ஒரே காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கும் இடங்கள் உண்டு. உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நேரத்தை அந்தப் பத்து மணியில் சேர்க்காதீர்கள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: கியர் வண்டி என்றால் இப்படிப் பழகுங்கள்

கிளட்ச் என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இன்ஜின் பக்கம் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்த இன்னொரு தட்டு சும்மா நிற்கிறது. பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். விட்டால் ஒட்டும். சடாரென்று ஒட்டவைத்தால் நிற்கும் தட்டு சுற்றும் தட்டையும் பிடித்து நிறுத்திவிடும். அதுதான் வண்டி ஆஃப் ஆவது. மெதுவாக உரசவிட்டு ஒட்டவைத்தால் வண்டி நகரும்.

மேடு பள்ளம் இல்லாத காலி இடத்துக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரிங் ரோட்டு சர்வீஸ் ரோடு எங்களுக்கு வாய்த்தது. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பாதத்தை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் உயர்த்துங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், பானெட் லேசாகத் தூக்கும். அதுதான் வண்டி பிடிக்கும் இடம். அங்கேயே மூன்று எண்ணும் வரை காலை நிறுத்துங்கள். வண்டி ஊரத் தொடங்கும். மறுபடி மிதித்து நிறுத்துங்கள். இதையே முப்பது முறை செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் அந்த இடம் காலுக்குச் சீக்கிரம் தெரியும்.

அப்புறம் ஆக்சிலேட்டர். அதன் பிறகுதான் இரண்டாம் கியர், மூன்றாம் கியர் எல்லாம். கியர் ராடைப் பார்க்காமல் போடுவது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஏற்றத்தில் எடுப்பதற்கு ஹேண்ட்பிரேக்கை நம்புங்கள். அதை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, முன்பக்கம் தூக்கியதும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். அரை கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைப்பதைச் சிலர் திறமை என்று காட்டுவார்கள். கருகல் வாசனை வந்தால் தேய்ந்தது கிளட்ச் பிளேட் என்று அர்த்தம்.

இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். ஸ்கூல் வண்டியில் டபுள் கண்ட்ரோல் உண்டு. மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அவசரத்துக்காக வைத்தது. ஆனால் பல மாஸ்டர்கள் அவசரம் இல்லாதபோதும் அதை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் ஸ்டியரிங் பிடிப்பீர்கள், கிளட்ச் அவர் காலில் இருக்கும். வண்டி வழுக்கிக்கொண்டு போகும், நமக்கும் பெருமையாக இருக்கும். அக்காவுக்கு நடந்தது இதுதான். பத்து நாளும் மாஸ்டர் ஓட்டியிருக்கிறார். பதினோராம் நாள் கோரிப்பாளையத்தில் அவர் போன் பேசிக்கொண்டு காலை எடுத்துவிட்டார். ஆகவே ஐந்தாம் நாள் நீங்களே கேளுங்கள்: "மாஸ்டர், கொஞ்ச நேரம் காலை மடக்கி வச்சுக்கிறீங்களா?" அன்றைக்குத்தான் உங்கள் முதல் கிளாஸ்.

ஆறாம் படி: ஆட்டோமேட்டிக் என்றால் இடது காலை மறந்துவிடுங்கள்

ஆட்டோமேட்டிக்கில் இரண்டே பெடல். இரண்டுக்கும் வலது கால் மட்டும். இடது காலை ஓரத்தில் உள்ள மேடையில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். கியர் வண்டியில் இருந்து வருபவர்களுக்குத்தான் இது சிரமம். வண்டி நிற்கப்போகும்போது இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதித்துவிடும். அக்காவின் வண்டியை நான் முதலில் எடுத்தபோது பின்சீட்டில் இருந்த அம்மாவின் கையிலிருந்த பழக்கூடை முன்சீட்டுக்கு வந்துவிட்டது.

புதிதாகக் கற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பிரேக்கை விட்டாலே வண்டி தானாக ஊரும். இதை முதல் நாள் முழுக்கப் பழகுங்கள். ஆக்சிலேட்டர் இல்லாமல், பிரேக்கை விடுவதும் பிடிப்பதுமாகவே பார்க்கிங்கில் நுழைந்து வெளியே வாருங்கள். வலது குதிகால் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றியிருக்கட்டும். ஆக்சிலேட்டருக்குப் பாதத்தை மட்டும் சாய்த்தால் போதும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஆட்டோமேட்டிக்கின் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டால், கியர் வண்டியில் கிளட்ச் ஒரு காப்பாக இருக்கும். பயந்ததும் இரண்டு காலும் சேர்ந்து மிதிக்கும், இன்ஜின் வெறுமனே கத்தும். ஆட்டோமேட்டிக்கில் வண்டி பாய்ந்துவிடும். வீட்டு கேட், கடை ஷட்டர், பார்க்கிங் சுவர் எல்லாம் இப்படித்தான் உடைகின்றன. நின்ற இடத்தில் யாருடனாவது பேச வேண்டும் என்றால்கூட 'டி'யில் (வண்டி முன்னே ஓடும் நிலை) வைத்துக்கொண்டு பேசாதீர்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஏ.எம்.டி.யில் 'ஹில் ஹோல்ட்' வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் ஏற்றத்தில் இதுவும் கியர் வண்டி போலவே பின்னால் உருளும். அதற்கும் அதே ஹேண்ட்பிரேக் வைத்தியம்தான். ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி ஏற்றத்தில் நிறுத்திவைத்தால் உள்ளே கிளட்ச் கருகும், பெடல் இல்லாததால் அது உங்களுக்குத் தெரியாது.

ஏழாம் படி: மலைப்பாதை

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வளைவுகளைவிட இறக்கம்தான் புதியவர்களை மாட்டிவிடும். எந்த வண்டியானாலும் இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியர் வண்டியில் ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. ஆட்டோமேட்டிக்கில் பலர் 'டி'யிலேயே இறங்கிவிடுகிறார்கள். வண்டியோ வேகத்தைப் பார்த்து மேல் கியருக்குப் போய்விடும், வேகத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிடிப்பு இருக்காது. ஏ.எம்.டி.யில் கியரை நாமே மாற்றும் 'எம்'முக்கு மாற்றி இரண்டாம் கியரில் இறங்குங்கள். சில வண்டிகளில் அதற்கு 'எல்' (கீழ் கியர் நிலை) இருக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிந்துகொண்டிருக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதலில் வழி விட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாடு போகப்போகிறவர்களுக்கு

இங்கே லைசென்ஸில் வித்தியாசம் இல்லை என்றேன். பல நாடுகளில் உண்டு. சிங்கப்பூரில் '3ஏ' எடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான், கியர் வண்டிக்கு '3' வேண்டும். மலேசியாவில் 'டி.ஏ.' ஆட்டோமேட்டிக்குக்கு, 'டி' இரண்டுக்கும். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தால் கியர் வண்டியைத் தனியாக ஓட்டக் கூடாது. துபாயிலும் இப்படித்தான். அங்கே போய் டிரைவர் வேலையோ டெலிவரி வேன் வேலையோ பார்க்கும் எண்ணம் இருந்தால், இங்கேயே கியரில் நன்றாகக் கை பழகிவிட்டுப் போங்கள். அங்கே ஒவ்வொரு கிளாஸும் காசு.

கடைசிப் படி: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது

கியரில் இருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற ஒரு மாலைப்பொழுது போதும். இடது காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரம் நெரிசலுக்குள் போகாதீர்கள்.

ஆட்டோமேட்டிக்கில் இருந்து கியருக்கு மாற மூன்று நான்கு ஞாயிறுகள் ஆகும். ஆனால் புதிதாகக் கற்பவரைவிடச் சுலபம். கண்ணாடி பார்ப்பது, இடைவெளி விடுவது, வளைப்பது எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டதால் கவனம் முழுவதையும் கிளட்சுக்குக் கொடுக்கலாம். போன தீபாவளி விடுமுறையில் அக்காவே கேட்டு என் வண்டியை எடுத்தாள். சர்வீஸ் ரோட்டில் அந்த முப்பது முறையைச் செய்யவைத்தேன். பத்தாவது முறைக்கு மேல் ஆஃப் ஆகவே இல்லை. "இவ்வளவுதானாடா? இதுக்கா அன்னைக்கு அழுதேன்?" என்றாள். நான்காம் ஞாயிறு திருமங்கலம் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். வரும்போது ஊருக்குள் நுழைந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னிடம் சாவியை நீட்டினாள். கோரிப்பாளையம் சிக்னல் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.